இசக்கியின் கை

'அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே கூடாது' என்று நண்பர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்து நின்றதும் இந்தப் பேச்சு எப்படியோ தொடங்கிவிடும். இந்த வாக்கியத்தைக் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். இலக்கணப்படி பார்த்தால் இது தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் வாக்கியம். பார்த்தவன் நான், கூடாது என்பதும் எனக்கே. ஆனால் பேச்சில் அது ஒருபோதும் அப்படிப் பொருள்படுவதில்லை. குற்றவாளி எப்போதும் படம்தான். சொல்கிறவர் பாதிக்கப்பட்டவர்.

இதில் ஒரு வகை, காசு போன வருத்தம். நுகர்வோன் ஏமாந்தான், அவ்வளவுதான். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இன்னொரு வகை கொஞ்சம் 'உயர்ந்தது'. பசோலினியின் 'சாலோ' (1975), காஸ்பர் நோவேயின் 'இர்ரிவர்சிபிள்' (2002) என்று பெயர்கள் வரும். அந்தச் சுரங்கப்பாதைக் காட்சியை முழுசாகப் பார்த்தேன், மூணு நாள் சோறு இறங்கல என்று ஒருவர் சொல்வார். அந்தக் குரலில் இருப்பது வருத்தமா? எனக்கென்னவோ அவர் பதக்கம் குத்திக்கொள்வதாகத்தான் படுகிறது. பார்க்க முடியாததையும் பார்த்தவன் என்கிற பதக்கம்.

நான் எழுத வந்தது மூன்றாவது வகையைப் பற்றி. பார்த்தபோது பிடித்துப்போன படம். விசிலடித்து, வசனம் மனப்பாடம் செய்து, பிற்பாடு அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதி, அப்புறம் ஒருநாள் அந்தப் பிடித்தம் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்ட படம். எனக்கு அது 'தேவர் மகன்'.

படம் 1992 தீபாவளிக்கு வந்தது. நான் பார்த்தது நாலைந்து வருஷம் கழித்து, எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில். கோவில்பட்டிப் பக்கம் அப்போதெல்லாம் கொடைக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ராத்திரி மூன்று படம் போடுவார்கள். முதல் படம் சாமி படம், ரெண்டாவது எம்.ஜி.ஆர். படம், மூன்றாவதுதான் எல்லோரும் காத்திருக்கும் படம். டிவி மேசைக்கு முன்னால் எங்கள் தெருக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். காலனிப் பிள்ளைகள் புளியமரத்தடியில் நிற்பார்கள். அங்கே நிற்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி அந்த இடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பாய் எங்களுக்குத் தெரிந்திருந்ததுபோல. என் வகுப்பில், என் பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பன் அந்த ராத்திரி புளியமரத்தடியில் நின்றான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவின் சாதி படத்தில் வருகிற சாதி இல்லை. நிஜ வாழ்க்கையில் அந்தச் சாதிக்காரர்களோடு எங்கள் ஆட்களுக்கு வரப்பு வாய்க்கால் தகராறு உண்டு. ஆனாலும் தலைமுடியை வெட்டி, மீசையை முறுக்கி, வெள்ளை வேட்டியில் சக்திவேல் இறங்கி வந்தபோது எங்கள் பாய் மொத்தமும் ஆர்ப்பரித்தது. அந்த மீசையை நாங்கள் கடன் வாங்கிக்கொண்டோம். வட்டியில்லாக் கடன். இந்திக்குப் போய் 'விராசத்' (1997) ஆனபோது தேவர்கள் தாக்கூர்கள் ஆனார்கள். கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. படத்தை எழுதித் தயாரித்த கமல்ஹாசன், இயக்கிய பரதன், பாட்டெழுதிய வாலி, இசையமைத்த இளையராஜா – இவர்களில் எவரும் அந்தச் சாதியில் பிறந்தவர்கள் இல்லை. சாதிப் பெருமிதம் என்பது சாதிக்குள்ளிருந்து மட்டும் ஊறிவருகிற ஒன்றல்ல. அது வெளியே தயாராகிறது, விநியோகமாகிறது. காலனிக்கு இந்தப் பக்கம் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும் அதை உடுத்திக்கொள்ளலாம்.

எம்.ஏ. முடித்த கையோடு நான் எழுதிய முதல் கட்டுரை இந்தப் படத்தைப் பற்றியது. ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. புராப், ழெனெத் எல்லாம் அரைகுறையாகப் படித்துவிட்டு 'தேவர் மகனின் கதையாடல் கட்டமைப்பு' என்று பன்னிரண்டு பக்கம். இன்று அதைப் படித்தால் காது சிவந்துவிடுகிறது. ஆனால் அந்த மொழியால் அல்ல. அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது: 'இசக்கியின் கை துண்டிக்கப்படும் இக்கணமே பிரதியின் மீளமுடியாத திருப்பம்.'

கட்டுரை வந்த இதழை நண்பனுக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தான். நல்லாருக்கு என்றான். அப்புறம் சைக்கிளில் ஏறும்போது, ரொம்பச் சாதாரணமாக, 'கை போனதத் திருப்பம்னு எழுதிருக்க' என்றான். கோபமில்லை, கிண்டலும் இல்லை. தமிழாசிரியர் ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டுவதுபோல.

அதற்குப் பிறகுதான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். பிரதியாக அல்ல, அந்தக் கைக்கு என்ன நடக்கிறது என்று மட்டும்.

கதை தெரிந்ததுதான். லண்டனில் படித்துவிட்டு வரும் சக்திவேலுக்குக் கூட வந்த காதலி பானு. பூட்டிக்கிடக்கும் கோயிலைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பூட்டு ஊர்ப் பகையின் பூட்டு. அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். சக்தி சொல்ல, இசக்கி திறக்கிறான். ஆசை ஒருத்தியுடையது, ஆணை ஒருவனுடையது, கை மட்டும் இசக்கியுடையது. கோயிலைச் சுற்றிப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். மாயத்தேவன் பக்கம் தண்டிப்பது திறந்த கையை. திறக்கச் சொன்ன வாயை அல்ல.

ஆஸ்பத்திரியில் சக்தி நொறுங்கிப்போய் வந்து நிற்கிறான். இசக்கிதான் அவனைத் தேற்றுகிறான். இனிமேல் சாப்பிடுவதும் கழுவுவதும் ஒரே கைதான் என்பதுபோல ஒரு வேடிக்கைப் பேச்சு. வடிவேலு அதை எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார் என்று நான் கட்டுரையில் பாராட்டியிருந்தேன். உண்மைதான், நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் காட்சி எதற்காக இருக்கிறது? கை போனவனின் நகைச்சுவை யாருக்கு மருந்து? கேமரா சக்தியின் கண்ணீரைத்தான் தேடிப் போகிறது. இழந்தவன் இசக்கி, துயரப்படும் உரிமை சக்திக்கு. இழந்தவனே சிரித்து அந்த உரிமையை எடுத்துக் கொடுக்கிறான். நாமும் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையின் அடுத்த கட்டத்துக்குப் போகத் தயாராகிவிடுகிறோம். கணக்குத் தீர்ந்துவிட்டது.

இசக்கி என்ன சாதி என்று படம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லாததில்தான் சூட்சுமம். அந்த ஊரில் பகை என்பது பங்காளிப் பகை. பெரிய தேவரும் மாயத்தேவனும் ஒரே குடும்பத்தின் இரண்டு கிளை. ஒரு சாதியின் குடும்பச் சண்டைதான் 'ஊர்ப் பிரச்சினை' என்று விரிகிறது. மற்றவர்களுக்குக் கை உண்டு, குடிசை உண்டு, வெள்ளத்தில் மிதக்கும் பிள்ளைப் பிணம் உண்டு. சொந்தமாக ஒரு பகை கிடையாது, ஒரு கோரிக்கை கிடையாது. அவர்கள் சாவதெல்லாம் சக்தியை வேட்டி கட்ட வைப்பதற்கே. (பஞ்சவர்ணம் பற்றித் தனியாக எழுத வேண்டும். பந்தலில் மாப்பிள்ளை வராமல் போனதால் நின்ற இடத்திலேயே ஒருவனுக்குக் கட்டிவைக்கப்படும் அவளை நாம் 'அப்பாவிப் பெண்' என்று கொண்டாடினோம். ரேவதிக்கு தேசிய விருது கிடைத்தது. அந்தப் பெண்ணிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா?)

இங்கே ஒரு மறுப்பு வரும். வரவும் வேண்டும். படம் வன்முறைக்கு எதிரானதுதானே, கடைசியில் அரிவாளைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றுதானே சக்தி சொல்லிவிட்டுச் சிறைக்குப் போகிறான்? ஆமாம். கமல் அதை மனதாரச் சொல்லியிருக்கிறார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் ஒரு படம் தன் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்வதை நம்புவதா, அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் கண்ணுக்குப் பழக்கியதை நம்புவதா? பி.சி. ஸ்ரீராமின் வெளிச்சம் எதன்மேல் விழுந்ததோ, சிவாஜியின் நடை எதற்கு கம்பீரம் தந்ததோ, அதுதான் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. குலப் பெருமை பாடும் அந்தப் பாட்டு படத்திலிருந்து கழன்று ஊர்வலங்களின் குழாய் ஒலிபெருக்கிக்குப் போனது. அந்த அறிவுரை எந்த ஒலிபெருக்கியிலும் ஒலித்து நான் கேட்டதில்லை. 1995இல் கொடியன்குளம். 1997இல் மேலவளவு. படத்தால்தான் இவை நடந்தன என்று சொல்ல நான் மடையன் இல்லை. சாதிக்கு சினிமா தேவையில்லை, அதற்கு நிலமும் காவல் நிலையமும் ஊராட்சித் தலைவர் நாற்காலியும் போதும். ஆனால் அந்த ஆண்டுகளில்தான் நாங்கள் பாயில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதைச் சொல்லாமல் திரைக்கதையின் கச்சிதத்தை மட்டும் எழுத எனக்கு எது அனுமதி தந்தது?

பிரெஞ்சு விமர்சகர்களிடமிருந்து ஒரு சம்பவம். பொந்தெகோர்வோவின் 'காப்போ' (1960) நாஜி வதைமுகாம் பற்றிய படம். அதில் எம்மானுவேல் ரிவா நடித்த பெண் மின்வேலியில் விழுந்து சாகிறாள். கேமரா அவளை நோக்கி நகர்ந்து, தூக்கிய கை சட்டகத்தில் அழகாக அமையும்படி நிற்கிறது. அந்த ஒரு நகர்வுக்காக ழாக் ரிவெத் 1961இல் 'கையே து சினிமா'வில் அந்த இயக்குநரைக் கடும் அவமதிப்புக்கு உரியவர் என்று எழுதினார். முப்பது வருடம் கழித்து, சாவதற்குக் கொஞ்சம் முன்னால், செர்ஜ் தனே எழுதுகிறார்: அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனால் ரிவெத்தின் கட்டுரை வழியாகப் பார்த்துவிட்டேன். ஒரு கட்டுரையை நம்பி ஒரு படத்தை வாழ்நாள் முழுக்கப் பார்க்காமல் இருந்த விமர்சகர். (இதே பொந்தெகோர்வோதான் பிறகு 'அல்ஜியர்ஸ் போர்' (1966) எடுத்தார். நம் இயக்கத் தோழர்கள் அதை எத்தனை முறை திரையிட்டிருப்போம்! அதனால் மனிதரைத் தூக்கிலிட்டுவிட வேண்டாம். சட்டகத்தைப் பேசுவோம்.)

ரிவெத்துக்குப் பிணத்தின் கை அழகாக இருந்தது குற்றம். எனக்கு அறுபட்ட கை 'திருப்பமாக' இருந்தது சரி. கேமராவை நகர்த்தியவனுக்கும் அந்த வாக்கியத்தை எழுதியவனுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டு பேரும் அடுத்தவன் வலியைத் தன் சட்டகத்துக்கு ஏற்றபடி திருத்தி வைத்தவர்கள். நான் படத்தைப் பார்த்ததற்காக வருந்த வேண்டியதில்லை. ஒன்பது வயதுப் பையன் கொடைக்குப் போனால் போட்டதைத்தான் பார்ப்பான். நான் வருந்த வேண்டியது இருபத்துமூன்று வயதில், கையில் இவ்வளவு கோட்பாட்டை வைத்துக்கொண்டு, மறுபடியும் அதே பாயில் போய் உட்கார்ந்ததற்கு.

2023 ஜூனில் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில் கமல்ஹாசன் முன்னிலையிலேயே மாரி செல்வராஜ் 'தேவர் மகன்' தன்னை எப்படி அலைக்கழித்தது என்று பேசினார். அந்த இசக்கி மாமன்னன் ஆனால் எப்படியிருக்கும் என்கிற கேள்விதான் தன் படம் என்றார். அதற்குப் பிறகு சமூக ஊடகத்தில் நடந்த சண்டையில் இரண்டு தரப்புமே அந்தப் பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் படத்தை வெறுத்தேன் என்று சொல்லவில்லை. அதைப் பார்த்து மனசு பிளந்துபோனதைச் சொன்னார். புளியமரத்தடியிலிருந்து பார்த்தவனுக்குப் படம் இப்படி இரண்டாகத்தான் தெரிந்திருக்கும். ஒரு கண்ணால் படத்தின் அழகு. மறு கண்ணால் இதில் என் அப்பா எங்கே என்ற தேடல்.

நண்பனும் நானும் 'மாமன்ன'னைத் திருநெல்வேலியில் போய்ப் பார்த்தோம். வடிவேலு சிரிக்கவைக்காத வடிவேலு. சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் ஆதிக்கசாதிக் கட்சிக்காரன் வீட்டில் நாற்காலியில் உட்கார முடியாதவர். உட்காருங்கப்பா என்று மகன் நெருக்கும் அந்த இடத்தில் தியேட்டரில் ஒரு சத்தமில்லை. எனக்கு எங்கள் கொடை ராத்திரி ஞாபகம் வந்தது. யார் பாயில், யார் மரத்தடியில். முப்பது வருடத்தில் தமிழ் சினிமா ஒருவழியாக அந்த நாற்காலியையே காட்சியாக்கிவிட்டது என்று பூரித்துப் போனேன்.

பூரிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. படம் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் பகத் பாசில் நடித்த ரத்னவேலுவை, அதாவது அந்த நாற்காலியைத் தராதவனை, வெட்டி எடுத்துச் சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டி வீடியோக்களாகப் பரப்பினார்கள். எந்தெந்தச் சாதிக்காரர்களோ அவரவர் பாட்டைப் போட்டுக்கொண்டார்கள். மறுபடியும் கடன் மீசை. நாய்களை அடித்துக் கொல்கிற, மனிதர்களை நாயினும் கீழாக நினைக்கிற ஒரு பாத்திரத்தை, அதை அம்பலப்படுத்த எடுத்த படத்திலிருந்தே, ஒரு வாரத்தில் கதாநாயகனாக்கிவிட்டார்கள். 'தேவர் மகன்' பற்றி மேலே நான் கட்டிய வாதம் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வெளிச்சம் எதன்மேல் விழுகிறதோ அதுதான் போய்ச் சேரும் என்றேன். மாரி வெளிச்சத்தை வேறிடத்தில் போட்டார். ஜனங்கள் இருட்டில் கைவிட்டு ரத்னவேலுவை எடுத்துக்கொண்டார்கள். அப்படியென்றால் பாய் படத்துக்குள் மட்டும் இல்லை. பார்க்க வருகிறவன் அக்குளில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் வருகிறான். எந்தப் படமானாலும் விரித்துவிடுகிறான். கமலை விடுவிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. படத்தை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நழுவ முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் நம் பத்திரிகைகளில், முகநூலில், வருத்த அறிக்கைகள் நிறைய வருகின்றன. ஒருகாலத்தில் ரசித்தேன், இன்று வெட்கப்படுகிறேன், இப்படிக்கு. நல்லதுதான். ஆனால் அதில் ஒரு சொகுசும் இருக்கிறது. வருத்தம் தெரிவித்த கையோடு நாம் சுத்தமாகிவிடுகிறோம். நேற்றுவரை ரசித்தவனின் இடம், இன்று முதல் வருந்துகிறவனின் இடம், இரண்டுமே முன்வரிசை. பெர்தொலூச்சி 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' (1972) எடுத்தபோது, ஒரு பலாத்காரக் காட்சியில் என்ன செய்யப்போகிறோம் என்பதை மரியா ஷ்னைடருக்கு முழுசாகச் சொல்லாமல் மார்லன் பிராண்டோவோடு சேர்ந்து முடிவுசெய்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது. தான் அடைந்த அவமானத்தை அவரே 2007இல் சொன்னார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. அவர் இறந்தது 2011இல். 2013இல் பெர்தொலூச்சி ஒரு பேட்டியில், குற்றவுணர்வு உண்டு, ஆனால் வருந்தவில்லை என்ற பொருளில் சொன்னார். உலகம் கொதித்தது அந்தப் பேட்டி 2016இல் மறுபடி வெளிவந்தபோது. அந்தப் பெண் சொன்னபோது அல்ல, அந்த ஆண் ஒப்புக்கொண்டபோது. பெர்தொலூச்சி சொன்னது அருவருப்பானதுதான். ஆனால் நம் வருத்த அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு அதன் தலைகீழ் வடிவம் தெரிகிறது. அவரிடம் வருத்தமில்லாத குற்றவுணர்வு. நம்மிடம் குற்றவுணர்வு இல்லாத வருத்தம்.

போன மாதம் நண்பனிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அந்தக் கொடை ராத்திரி, ஆஸ்பத்திரிக் காட்சியில், நீயும் சிரித்தாயா?

'சிரிச்சிருப்பேன். வடிவேலு பேசினா சிரிக்காம?' என்றான். கொஞ்ச நேரம் கழித்து, 'எல்லாரும் சிரிக்கும்போது நா மட்டும் சும்மா நின்னா திரும்பிப் பாப்பாங்கள்லா' என்றான்.

எங்கள் பாயில் எழுந்த சிரிப்பும் மரத்தடியில் எழுந்த சிரிப்பும் காற்றில் ஒரே சிரிப்பாகத்தான் கேட்டிருக்கும். 'வெகுஜன ரசனை' என்று நான் கட்டுரையில் எழுதியது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். அதில் ஒன்று ரசனையே இல்லை, அது தற்காப்பு. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கோட்பாடும் எனக்கு உதவவில்லை. திரும்பிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதால் உதவியிருக்கவும் முடியாது. 'நீ வருத்தப்படுதியா, அந்தப் படம் பாத்ததுக்கு?' என்று கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நீ உக்காந்து பாத்தவன், வருத்தப்படு. நா நின்னுல்லா பாத்தேன், எனக்குக் கால் வலிச்சது' என்றான்.

என் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பக நண்பர் கேட்டிருக்கிறார். முதல் கட்டுரையை விட்டுவிடலாம், இல்லையென்றால் அந்த வாக்கியத்தையாவது திருத்திவிடலாம் என்றிருந்தேன். இதையும் அவனிடம் சொன்னேன்.

'கட்டுரையச் சேரு. அந்த வரியில கை வைக்காத' என்றான். 'எடுத்துட்டா நீ அப்படி எழுதவே இல்லன்னு ஆயிரும்லா?'

சேர்த்திருக்கிறேன். மெய்ப்புப் பார்க்கிறவர் 'இக்கணமே' என்பதில் ஒரு எழுத்துப்பிழையைச் சரிசெய்திருந்தார். அதை மட்டும் ஒப்புக்கொண்டேன்.